பிழை நின்றதா, பேச்சு நின்றதா?

கேள்வி: பொருள்களைப் பெட்டியிலிட்டு, லேபிள் ஒட்டி அனுப்பும் பேக்கிங் பிரிவு ஒன்றுக்கு மேலாளராக இருக்கிறேன். மூன்று ஷிஃப்ட் வேலை. தவறான லேபிள், எண்ணிக்கைக் குறைவு, மாறிப்போன பெட்டி என்று பிழைகள் மலிந்துகிடந்ததால் சென்ற ஆண்டு ஒரு திட்டம் கொண்டுவந்தேன். குறிப்பேட்டில் பிழை எதுவும் பதிவாகாத மாதத்தில் அந்த ஷிஃப்டில் இருக்கும் எல்லோருக்கும் ஊக்கத்தொகை. பிழை செய்தவருக்குச் சம்பளத்தில் அபராதம். இரண்டே மாதத்தில் பதிவுகள் ஏறத்தாழ நின்றுவிட்டன. உரிமையாளர் கூட்டத்தில் எழுந்து என்னைப் பாராட்டினார். இப்போது எங்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு லாட் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டார். எல்லாப் பெட்டியிலும், முந்தைய தயாரிப்புத் தொகுதிக்குரிய பழைய பேட்ச் எண் உள்ள லேபிள். விசாரித்ததில், இரவு ஷிஃப்டில் மூன்று பேருக்கு அன்றைக்கே விஷயம் தெரிந்திருக்கிறது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அபராதத்தை இரட்டிப்பாக்கி, கேமரா வைத்து, தகவல் சொல்பவருக்குத் தனிப் பரிசும் அறிவிக்கலாம் என்று இருக்கிறேன். அந்த மூவரையும் நீக்கிவிடவும் யோசனை. என் திட்டத்தில் என்ன குறை? அல்லது ஆட்களே சரியில்லையா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்களிடம் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் திட்டத்தை உங்களைவிடக் கவனமாக அவர்கள் படித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ‘குறிப்பேட்டில் பிழை பதிவாகாத மாதத்துக்குப் பணம்’ என்று எழுதினீர்கள். பதிவாகாமல் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததே என்று நீங்கள் நொந்துகொள்வது புரிகிறது. ஆனால் எடுத்த களிமண்ணே குரங்குக்கு உரியதுதான்.

அந்த இரவில் என்ன நடந்திருக்கும் என்று கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். உங்கள் கடிதத்தில் இருப்பதையும், இதுபோன்ற பிரிவுகளில் நான் நின்று பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன். பேட்ச் மாறுகிறது. முந்தைய பேட்ச்சின் லேபிள் ரோல் முழுவதும் தீரவில்லை. பாதி மிச்சத்தோடு மேசை ஓரத்தில் இருக்கிறது. புது ரோலும் அதே நிறம், அதே அளவு. எழுத்தில் இரண்டு இலக்கம் மட்டும் வித்தியாசம். மெஷினில் பழையது ஏறிவிடுகிறது. நாற்பது ஐம்பது பெட்டி போன பிறகு, டேப் ஒட்டும் இடத்தில் நிற்பவர் தற்செயலாக எண்ணைப் பார்க்கிறார். கை நின்றுவிடுகிறது.

இந்த இடத்தில் உங்கள் திட்டம் வேலை செய்யத் தொடங்குகிறது. அவர் மேற்பார்வையாளரிடம் சொன்னால் குறிப்பேட்டில் ஏறும். ஏறினால் ரோலை மாற்றிய நண்பருக்கு அபராதம். அது மட்டும் என்றால்கூடச் சொல்லியிருப்பார். மாதம் முடிய இன்னும் சில நாள்தான் இருக்கிறது. ஷிஃப்டில் உள்ள எல்லோருடைய ஊக்கத்தொகையும் அவர் வாயில் இருக்கிறது. அதை வீட்டில் ஏதோ ஒரு செலவுக்கென்று ஒதுக்கிவைத்தவர்கள் அந்த வரிசையில் நிற்கிறார்கள். சொன்னால் அவர்தான் எல்லோருடைய பணத்தையும் கெடுத்தவர். சொல்லாவிட்டால்? பெட்டி போய்விடும், ஒருவேளை யாரும் கவனிக்காமலே போகலாம், கவனித்தாலும் அது யார் கையில் நடந்தது என்று தேடுவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கிறார். பக்கத்தில் நிற்பவரும் எண்ணைப் பார்த்துவிட்டார். டேப் மறுபடி ஓடத் தொடங்குகிறது.

மூன்று பேரும் கெட்டவர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அபராதம் மட்டும் இருந்திருந்தால் ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மறைத்திருப்பார். கூட்டுப் பரிசையும் சேர்த்து வைத்ததால், மறைப்பது நட்புக்கு அடையாளமாகவும் சொல்வது துரோகமாகவும் மாறிவிட்டது. உங்கள் திட்டத்தின் இரண்டு பாதிகளில் அதிகக் கேடு செய்தது பரிசுதான் என்பது என் கணிப்பு. பொதுவாக மேலாளர்கள் அபராதத்தைப் பற்றித்தான் குற்ற உணர்வு கொள்கிறார்கள். பரிசைப் பற்றி ஒருவரும் சந்தேகப்படுவதில்லை.

குறை எங்கே என்று கேட்டீர்கள். சில பொருள்களை யார் உதவியும் இல்லாமல் எண்ணிவிடலாம். ஒரு மணி நேரத்தில் எத்தனை பெட்டி வெளியேறியது என்பதை வாசலில் நின்று எண்ணலாம். பிழை அப்படிப்பட்டதல்ல. உங்கள் பிரிவில் நடக்கும் பிழைகளில் பெரும்பகுதி, அதைச் செய்தவரோ பார்த்தவரோ வாயைத் திறந்தால்தான் உங்களுக்கு எண்ணிக்கையாக வந்து சேரும். அந்த வாயின் மேல் பணத்தைக் கட்டினீர்கள். பிறகு எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்துப் பிழை குறைந்ததாக எடுத்துக்கொண்டீர்கள். உரிமையாளரும் அப்படியே எடுத்துக்கொண்டார். மேலே இருப்பவர்களுக்குப் பிடித்தமான எண் ஒன்று கிடைத்துவிட்டால், அது எப்படி வந்தது என்று கேட்கும் ஆசை அவர்களுக்கு வருவதில்லை.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல. திட்டம் போட்டவர் நினைத்ததற்கு நேர்மாறாக முடிந்த கதைகளில், செத்த பாம்புக்குக் காசு கொடுக்கப்போய் ஆட்கள் பாம்பு வளர்த்த கதை ஒன்றை எல்லோரும் சொல்வார்கள். அதை விட்டுவிடுகிறேன், எலிக் கதைக்குத்தான் ஆவணம் இருக்கிறது. 1902-இல் வியட்நாமின் ஹனோய் நகரை ஆண்ட பிரெஞ்சு நிர்வாகம், பிளேக் பயத்தில், எலி ஒழிப்பை முடுக்கிவிட்டது. கொன்ற எலிக்குச் சாட்சியாக வாலைக் கொண்டுவந்து காட்டினால் காசு. வால்கள் வந்து குவிந்தன. கொஞ்ச நாளில் வாலில்லாத எலிகள் நகரில் ஓடுவதை அதிகாரிகள் பார்த்தார்கள். வாலை மட்டும் வெட்டிக்கொண்டு எலியை விட்டுவிட்டால் அது குட்டி போடும்; குட்டிக்கும் வால் உண்டு. நகருக்கு வெளியே எலி வளர்க்கவே சிலர் தொடங்கியிருந்தது தெரிந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. அங்கே வாலை எண்ணினார்கள், இங்கே நீங்கள் குறிப்பேட்டு வரிகளை எண்ணினீர்கள். அவர்கள் நிலை ஒருவிதத்தில் தேவலை: ஏமாற்று வேலை தெருவில் கண்ணுக்குத் தெரிந்தது. உங்களுடையது டேப் ஒட்டிய பெட்டிக்குள் போய்விட்டது.

பிழையைப் பற்றிய எண்ணிக்கை எவ்வளவு தூரம் ஏமாற்றும் என்பதற்கு ஓர் ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும். 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனை வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள வார்டில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தே தொடங்கினார். கிடைத்த எண்கள் தலைகீழாக இருந்தன: நல்ல வார்டுகளில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. உள்ளே போய்ப் பார்த்தபோது புரிந்தது. அந்த வார்டுகளில் செவிலியர்கள் தவறைப் பற்றிப் பயமில்லாமல் பேசினார்கள். மற்ற வார்டுகளில் தலைமைச் செவிலியருக்கு அஞ்சிப் பேச்சே எழவில்லை. அங்கே குறிப்பேடு சுத்தமாக இருந்ததற்கு அதுதான் காரணம். உங்கள் பழைய குறிப்பேட்டையும் புதிய குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அழுக்காக இருந்த பழையதுதான் நல்ல பிரிவின் குறிப்பேடு.

சுத்தமான எண்ணிக்கை எவ்வளவு பெரிய இடத்திலும் கண்ணை மறைக்கும். 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் வெடித்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடையில் 11 பேர் இறந்தார்கள். அன்றைக்கு அந்த மேடையில் நிறுவனங்களின் உயரதிகாரிகள் வந்திருந்தார்கள். வந்த காரணங்களில் ஒன்று, வேலைநாள் இழப்பு ஏற்படுத்தும் காயம் ஒன்றுகூட இல்லாமல் ஏழு ஆண்டுகள் கழிந்ததற்காகப் பாராட்டுவது. அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. வழுக்கி விழுந்தவர்களையும் கை நசுங்கியவர்களையும் எண்ணிய அந்தக் கணக்கு, கிணற்றுக்குள் அழுத்தம் ஏறுவதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பாராட்டு அதற்கும் சேர்த்தே கிடைத்தது.

இனி உங்கள் புதிய யோசனைகளுக்கு வருகிறேன்.

அபராதத்தை இரட்டிப்பாக்குவது. மறைத்தால் கிடைக்கும் லாபம் இரட்டிப்பாகும், வேறொன்றும் நடக்காது. இன்றைக்கு நாற்பது பெட்டி போனதும் கை ஒரு கணம் நின்றது அல்லவா, அந்த ஒரு கணமும் இனி இருக்காது. மருந்து வேலை செய்யவில்லை என்றால் அளவைக் கூட்டலாம் என்பது, நோய்க்கே அந்த மருந்து காரணமாக இல்லாதபோது மட்டும் பொருந்தும் யோசனை.

தகவல் சொல்பவருக்குப் பரிசு. இதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. பழைய பகையைத் தீர்த்துக்கொள்ளப் பிழையைச் சிலர் தேடத் தொடங்குவார்கள். சிலர், சொல்ல மன்னிக்கவும், உண்டாக்கவும் தொடங்கலாம். ஒருவருக்கொருவர் பெட்டியைச் சரிபார்த்துக் கொடுக்கும் சின்னச் சின்ன உதவிகள் நின்றுபோகும். இரவு ஷிஃப்டில் உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவை பெரும்பாலும் அந்த உதவிகள்தான்.

கேமரா. கேமராவுக்குக் கை தெரியும், ரோலில் உள்ள இரண்டு இலக்கம் தெரியாது. திருட்டுக்கு வைப்பதென்றால் வேறு விஷயம்.

மூவரை நீக்குவது. வெல்ஸ் ஃபார்கோ என்ற அமெரிக்க வங்கி, ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளையாவது விற்றுவிட வேண்டும் என்று கிளை ஊழியர்களை வருடக்கணக்கில் நெருக்கியது. வாடிக்கையாளருடனான உறவு ஆழமாக வேண்டும் என்பது நோக்கம். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறந்தார்கள். 2016-இல் விஷயம் வெளிவந்தபோது, சுமார் 20 லட்சம் கணக்குகள் சந்தேகத்துக்கு உரியவை என்று தெரிந்தது, வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இதற்காகவே சுமார் 5,300 பேரை வங்கி வேலையிலிருந்து நீக்கியிருந்தது. எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு முறை நீக்கும்போதும் கெட்ட ஆள் ஒருவர் போய்விட்டார் என்று நினைத்திருப்பார்கள். அவர் இடத்துக்கு வந்தவருக்கும் அதே இலக்கு காத்திருந்தது. உங்கள் மூவரை நீக்கினால், அடுத்த மாதம் அதே மேசையில் வேறு மூவர் அதே கணக்கைப் போடுவார்கள். கூடுதலாக ஒன்று தெரிந்துகொண்டு போடுவார்கள்: முன்பு மாட்டியவர்கள் விசாரணையில் உண்மையை ஒப்புக்கொண்டதால்தான் மாட்டினார்கள் என்று.

சரி, எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டால் பழைய நிலை திரும்பிவிடுமா? திரும்பாது, இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இஸ்ரேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த ஒரு சோதனை இதற்குப் பேர்போனது. யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிச்சினி என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மாலையில் குழந்தையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்குச் சில காப்பகங்களில் சிறு அபராதம் விதித்துப் பார்த்தார்கள். தாமதம் குறையவில்லை, ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அதுவரை, நம்மால் ஆசிரியை காத்திருக்கிறாரே என்ற கூச்சம் பெற்றோரை ஓடிவரச் செய்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது. கட்டணம் செலுத்தியவருக்குக் கூச்சம் எதற்கு? பிறகு அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் உயர்ந்த நிலையிலேயே நின்றது.

உங்கள் பிரிவிலும் அதுதான் நடக்கும். ‘இனி அபராதம் கிடையாது’ என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். புதுப் பொறி என்றுதான் நினைப்பார்கள். நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

ஆகவே தாள் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் நேரில் நின்று பேசுங்கள்; இரவு ஷிஃப்டிலும், அவர்களுடைய நேரத்தில், நீங்கள் போய். ‘எல்லோரையும் மன்னித்துவிட்டேன்’ என்ற தோரணை வேண்டாம். குற்றம் அவர்களுடையது, பெருந்தன்மை உங்களுடையது என்று ஆகிவிடும். திட்டம் நான் போட்டது, அது உங்களை மௌனமாக இருக்கச் சொல்லிற்று, அதை நிறுத்திவிட்டேன் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னால் போதும். நீளமாகப் பேசினால் நம்பிக்கை குறையும்.

பிறகு முதல் சோதனை வரும். யாரோ ஒருவர், பெரும்பாலும் வயதில் மூத்தவர் அல்லது அடுத்த மாதம் வேலையை விட்டுப் போகிறவர், ஒரு சின்னப் பிழையைச் சொல்லிப் பார்ப்பார். அன்றைக்கு உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதை மூன்று ஷிஃப்டும் பார்த்துக்கொண்டிருக்கும். ‘இது எப்படி நடந்தது, யார் செய்தது?’ என்று வாயில் வந்துவிட்டால் வேலை முடிந்தது. மறுபடி தொடங்க ஒரு வருடம் ஆகும். டொயோட்டா கார் ஆலைகளில் வரிசை ஓரமாக ஒரு கயிறு ஓடும்; இப்போது சில ஆலைகளில் அதற்குப் பதில் பொத்தான். குறையைப் பார்த்த தொழிலாளி எவரும் அதை இழுக்கலாம். குழுத் தலைவர் உடனே அங்கே வருவார். குறித்த இடத்துக்கு வண்டி நகர்வதற்குள் சிக்கல் தீராவிட்டால் வரிசை நிற்கும். கயிற்றைப் பார்த்துவிட்டு வந்து தாங்களும் கயிறு கட்டியவர்கள் பல பேர். வருகிறவர் முதலில் பார்ப்பது பொருளையா, ஆளையா என்பதில்தான் அது பலிப்பதும் பலிக்காததும் இருக்கிறது. நீங்கள் பெட்டியைப் பாருங்கள். ‘எத்தனை பெட்டி போயிருக்கும், எங்கே இருக்கிறது, எடுத்துவிடலாமா’ என்று கேளுங்கள். ஆள் பெயர் தேவைப்பட்டால் தானாக வரும்.

தண்டனையே இல்லையென்றால் அலட்சியம் வளராதா என்று உரிமையாளர் கேட்பார். நியாயமான கேள்வி. விமானத் துறை இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது, விலை கொடுத்துத்தான். 1974 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவில் டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514-ஆம் எண் விமானம், இறங்குவதற்கான அனுமதியைத் தவறாகப் புரிந்துகொண்டு சீக்கிரமே தாழ இறங்கி ஒரு மலையில் மோதியது. 92 பேர் இறந்தார்கள். அதற்கு ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே தவறைச் செய்து மயிரிழையில் தப்பியிருந்தார்கள். தங்கள் நிறுவனத்தில் சொன்னார்கள். அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்ற நிறுவனங்களுக்குச் செய்தி போக வழியே இல்லை. இதன் பிறகு, 1976-இல் விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே தெரிவிக்கும் ஏற்பாடு உருவானது. அதில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். தெரிவிப்பது தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானப் போக்குவரத்துத் துறைக்கு அல்ல, நாசாவுக்கு. பெயரும் அடையாளமும் நீக்கப்படும். தெரியாமல் செய்த விதிமீறலைப் பத்து நாளுக்குள் தெரிவித்தால் அபராதமோ உரிமத் தடையோ கிடையாது. வேண்டுமென்றே செய்ததற்கும் குற்றச் செயலுக்கும் இந்தச் சலுகை இல்லை.

கடைசி வரிதான் உங்கள் உரிமையாளருக்கு விடை. பிழைக்குத் தண்டனை இல்லை. குடித்துவிட்டு வந்து மெஷினைத் தொட்டால் உண்டு, பதிவைத் திருத்தினால் உண்டு. புதிய ஏற்பாடு வந்த பிறகு, தெரிந்தும் மறைத்தால் உண்டு. அந்தப் பட்டியலை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பத்து நாள் என்பதைப்போல உங்களுக்கும் ஒரு கெடு வேண்டும். பேக்கிங்கில் அது பெட்டி வாசலைத் தாண்டும்வரை என்று வைத்துக்கொள்ளலாம். குறிப்பேட்டையும் சம்பளம் போடுபவர் கையில் தராதீர்கள். தரக்கட்டுப்பாட்டில் இருக்கும், யாருடைய சம்பளத்திலும் கை வைக்க முடியாத ஒருவரிடம் இருக்கட்டும்.

இப்போது உரிமையாளரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லிவைக்க வேண்டும். இதைத் தவறவிட்டால் எல்லாம் பாழ். முதல் சில மாதங்களில் பதிவான பிழைகளின் எண்ணிக்கை ஏறும், நன்றாகவே ஏறும். போன வருடம் எண் குறைந்ததற்குப் பாராட்டியவர் இந்த வருடம் எண் ஏறியதற்குத் திட்டுவார். ஏறப் போகிறது என்று அவரிடம் இன்றே எழுத்தில் கொடுங்கள். ஏறவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும் என்றும் எழுதுங்கள்.

அப்படியானால் எதை வைத்து முன்னேற்றத்தை அளப்பது? வாய் திறந்தால் மட்டும் கிடைக்கும் எண்ணை நம்பியிருக்காதீர்கள் என்றேன் அல்லவா. வாய் திறக்காமலும் கிடைக்கும் எண் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒட்டி முடித்த பெட்டிகளில் சிலவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் திறந்து பாருங்கள். அதில் கிடைக்கும் பிழைகளைக் குறிப்பேட்டோடு ஒப்பிடுங்கள். பெட்டிக்குள் கிடைத்தவற்றில் எத்தனை ஏற்கெனவே குறிப்பேட்டில் சொல்லப்பட்டிருந்தன? அந்த விகிதம்தான் உங்கள் பிரிவின் உடல்நிலை. அது ஏறிக்கொண்டே போய், பெட்டிக்குள் கிடைக்கும் பிழை குறைந்துகொண்டே வந்தால் உண்மையிலேயே தேறிவருகிறீர்கள். தயவுசெய்து இந்த விகிதத்துக்கும் ஒரு பரிசு அறிவித்துவிடாதீர்கள். பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் சார்ல்ஸ் குட்ஹார்ட் 1975-இலேயே சொன்னார்: கட்டுப்படுத்துவதற்கென்று ஓர் அளவைப் பிடித்து அழுத்தினால், அதுவரை அது காட்டிவந்த ஒழுங்கு குலைந்துவிடும். அவர் பேசியது பணக் கொள்கையைப் பற்றி. உங்கள் லேபிள் மேசைக்கும் அது செல்லுபடியாகிறது.

ஊக்கத்தொகையே கூடாது என்பது என் கட்சி அல்ல. எண்ணும் வேலை செய்பவர் கையில் இல்லாதபோது, எண்ணப்படுவதும் நீங்கள் விரும்புவதும் ஒன்றாக இருக்கும்போது, பணம் நன்றாகவே வேலை செய்யும். பிழை அந்த இனத்தில் சேராது. ஆட்களுக்குக் கொடுத்துவந்த தொகையைச் சட்டென்று நிறுத்தினாலும் கசப்பு வரும். அதைச் சம்பளத்தோடு சேர்த்துவிடலாம், அல்லது அனுப்பிய நேரம்போல வாசலில் எண்ணக்கூடிய ஒன்றோடு, மாதிரிப் பரிசோதனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இணைக்கலாம். எதைச் செய்தாலும் அறிவிப்பதற்கு முன் அந்த இரவு ஷிஃப்ட் ஆட்களிடம் காட்டி ஒரு கேள்வி கேளுங்கள்: ‘நான் விரும்புவது எதுவும் நடக்காமல், இந்தப் பணத்தை மட்டும் எப்படி வாங்குவீர்கள்?’ தேநீர் இடைவேளைக்குள் நான்கு வழி சொல்லிவிடுவார்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நீங்களும் நானும் ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்தாலும் அந்த நான்கும் வராது. சென்ற ஆண்டுத் திட்டத்துக்கு இதைக் கேட்டிருந்தால், ‘எழுதாமல் விட்டால் போச்சு’ என்று முதல் ஆளே சொல்லியிருப்பார்.

இவ்வளவு மனித சுபாவம் பேசிவிட்டு லேபிள் ரோலை மறந்துவிடக் கூடாது. திரும்பி வந்த லாட்டுக்கு மூலகாரணம் மேசை ஓரத்தில் கிடந்த பாதி ரோல். மருந்து பேக்கிங் செய்யும் இடங்களில் இதற்கு வழக்கமான முறை இருக்கிறது. பேட்ச் முடிந்ததும் பழைய லேபிள், பெட்டி, துண்டுச்சீட்டு எல்லாவற்றையும் அந்த வரிசையிலிருந்து அகற்ற வேண்டும். வேலை செய்தவர் பார்த்து, வேறொருவரும் பார்த்துக் கையெழுத்திட்ட பிறகுதான் அடுத்த பேட்ச் தொடங்கும். எத்தனை லேபிள் வாங்கினோம், எத்தனை ஒட்டினோம், எத்தனை கிழிந்தது, எத்தனை திருப்பிக் கொடுத்தோம் என்ற கணக்கு நேராக வேண்டும். புது ரோலின் முதல் லேபிளைக் கிழித்துப் பதிவேட்டில் ஒட்டி, பேட்ச் தாளோடு ஒப்பிடுவார்கள். நீங்கள் அனுப்புவது மருந்து இல்லையென்றாலும் இதில் பாதியையாவது எடுத்துக்கொள்ளலாம். அடுத்தடுத்த பேட்ச்களுக்கு ரோல் ஓரத்தில் வேறு நிறக் கோடு போட்டுத் தரும்படி அச்சகத்திடம் கேட்டுப் பாருங்கள். அபராதத்தால் ஓராண்டில் சாதிக்க முடியாததை அந்தக் கோடு ஒரே இரவில் சாதிக்கக்கூடும். இப்படிப்பட்ட யோசனைகள் பழைய, அழுக்கான குறிப்பேட்டில் ஏற்கெனவே இருந்திருக்க வேண்டும்; தேடிப் பாருங்கள். ‘ரெண்டு ரோலும் ஒரே மாதிரி’ என்று யாராவது நிச்சயம் எழுதியிருப்பார்.

வாடிக்கையாளருக்கு என்ன எழுதுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ‘சம்பந்தப்பட்ட ஊழியர்கள் மீது கடும் நடவடிக்கை எடுத்துவிட்டோம்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். அனுபவமுள்ள வாடிக்கையாளர் அதைப் படித்ததும், இவர்கள் எதையும் மாற்றப் போவதில்லை என்று புரிந்துகொள்வார். ரோல் எப்படிக் கலந்தது, இனி எப்படிக் கலக்காது, அதே காலத்தில் அனுப்பிய மற்ற லாட்களை எப்போது சரிபார்த்து முடிப்பீர்கள் என்பதை எழுதுங்கள். அந்தக் கடைசி வேலைக்கு அந்த மூவரைத்தான் கூப்பிட வேண்டும். எந்த இரவில் வேறு என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். நீக்கிவிட்டால் அதையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பிடித்த அபராதத் தொகையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பல நாடுகளில் சம்பளத்தில் அபராதம் பிடிப்பதற்குச் சட்ட வரம்பு இருக்கிறது. உங்கள் கணக்காளரிடம் அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதித்தாலும் திருப்பிக் கொடுங்கள். யாரிடமெல்லாம் பிடித்தீர்கள் என்ற பட்டியலை எடுத்துப் பார்த்தால், பிழை அதிகம் செய்தவர்களின் பெயர்கள் அதில் இருக்காது. தாங்கள் செய்ததைத் தாங்களே வந்து சொன்னவர்களின் பெயர்கள்தான் இருக்கும்.

அன்புடன்,
ஆலோசகர்